செண்பகத்தின் இடது பெடல்

செண்பகம் சைக்கிளில் வந்தால் ஆம்பூர் நெடுஞ்சாலையில் லாரிகள் எல்லாம் ஒதுங்கி நின்று வணக்கம் வைக்கும். சரி, கொஞ்சம் கூட்டிச் சொல்லிவிட்டேன். லாரிகள் இல்லை, எங்கள் தெரு ஆடுகள். அவையும் வணக்கம் வைக்கவில்லை, ஒதுங்கியதோடு சரி.

அவள் என் பக்கத்து வீட்டுக்காரி. திமிரி என்ற ஊர்ப் பக்கத்து நிலக்கடலைக் காட்டிலிருந்து இங்கே வாழ்க்கைப்பட்டு வந்தவள். ஷூ கம்பெனியில் பசை தடவும் மேசையில் தொடங்கித் தையல் மிஷினுக்கு உயர்ந்தவள். சென்ற மழைக்காலத்தில் எனக்கு மூச்சு முட்டியபோது, ஆட்டோவுக்குக் காத்திராமல் என்னைக் கேரியரில் உட்காரவைத்து ஆஸ்பத்திரி வரை மிதித்தாள். இதை எழுதும் மூச்சே அந்தச் சைக்கிள் கொடுத்ததுதான்.

அவளுக்கு சூப்பர்வைசர் வேலை கிடைத்தது. திங்கட்கிழமை முதல் நாள். மணி அடிக்குமுன் அவள் போய் நின்றால்தான் லைன் ஓடும். கம்பெனி பஸ் எங்கள் தெருப் பக்கம் வராது. ஞாயிறு மதியம் பார்த்தால் இடது பெடல் லொடலொடவென்று ஆடுகிறது. சைக்கிள் கடையோ பூட்டிக் கிடக்கிறது.

"இன்னா செண்பகம், கிழவி பல்லு மாதிரி ஆடுது?" என்று என்னைப் பார்த்துக்கொண்டே கேட்டாள் எதிர்வீட்டு சுகரா பேகம். வீட்டிலிருந்தே ஷூவுக்குக் கைத்தையல் போடுகிறவள்.

"போன மாசமே ஆடுச்சுக்கா. தோல்ல வாஷர் வெட்டி உள்ள போட்டேன்."

எங்கள் ஊருக்கே உள்ள வியாதி இது. கதவு அடித்துக்கொண்டால் தோல் துண்டு, கட்டில் ஆடினாலும் தோல் துண்டு. மழையில் ஊறி நசுங்கிய அந்த வாஷரைப் பெடலிலிருந்து அவள் நோண்டி எடுத்தபோது எலிக்காது மாதிரி இருந்தது.

வாசற்படியில் உட்கார்ந்திருந்த என் காலடியில் பேப்பரை விரித்து, நட்டைக் கழற்றி, குண்டுகளை உள்ளே அழுத்திப் பிடிக்கும் கோனைத் திருகி எடுத்தாள். உள்ளே கறுப்புச் சேற்றில் இரும்புக் குண்டுகள். மண்ணெண்ணெயில் கழுவித் துடைத்து, புது கிரீஸை அப்பி, ஒவ்வொன்றாகப் பதித்துக்கொண்டே வந்தவள் நிறுத்தினாள்.

"ஒரு குண்டு கம்மி ஆயா. மறுபடி ஆடும். காலைல நடுரோட்ல மக்கர் பண்ணா நான் இன்னா பண்ணுவேன்?"

சுகரா, விழுந்த ஊசிகளைப் பொறுக்கும் காந்தத்தைக் கொண்டுவந்து தரை முழுக்க உருட்டினாள். ஊசியும் சோடா மூடியும்தான் ஒட்டின. பள்ளிக்கூடத்தில் அதட்டிப் பழகிய நான் உட்கார்ந்த இடத்திலிருந்தே, "அங்கே பார், இங்கே பார்" என்று இருவரையும் அதட்டினேன். கடைசியில் என் கழுகுக் கண்தான் அந்தக் குண்டைக் கண்டுபிடித்தது.

அதன்பிறகும் பெடல் சுலபத்தில் மசியவில்லை. கோனை இறுக்கினால் சுற்றாது, தளர்த்தினால் ஆடும். நட்டை முடுக்கும்போது கோனும் கூடவே திரும்பியது. அதை ஸ்க்ரூடிரைவரால் அழுத்திப் பிடித்துக்கொண்டு முடுக்கினாள். பிறகு விரலால் தட்டிவிட்டாள். சத்தமே இல்லாமல் சுற்றியது.

மறுநாள் மாலை மக்கன் பேடா இனிப்பு டப்பாவோடு வந்து நின்றாள்.

"நான் போறப்ப கம்பெனி கேட்டே தெறக்கல ஆயா, அவ்ளோ சீக்கிரம்! இது குண்டு கண்டுபிடிச்ச உங்க கண்ணுக்கு."

என்னை ஏற்றிச் சென்றவளுக்கு நானும் ஒரு சின்ன உதவி செய்தேனே என்று நெஞ்சு நிறைந்துபோனது. இதுவரை எழுதியதைச் சத்தமாக வாசித்தேன். டப்பாவில் பாதியைக் காலி செய்திருந்த சுகரா, வாயைத் துடைத்துக்கொண்டு சொன்னாள்:

"கண்ணாவது! டீ போட எழுந்தீங்களே டீச்சரம்மா, அப்ப உங்க மடியிலேர்ந்துதான டங்குன்னு விழுந்துச்சு? குண்ட மடியில வெச்சிக்கினே எங்கள அந்த அதட்டு அதட்டுனீங்க!"