ஒன்றரை டிகிரி இறக்கம்

பௌர்ணமியன்று பிராக்டிகல் தேர்வு வைத்தவர் யாரோ, அவர் திருவண்ணாமலைக்குப் பஸ் ஏறியதில்லை. வேலூரிலிருந்து வந்த வெளித்தேர்வாளர் அம்மையாரை ஊருக்கு வெளியிலேயே இறக்கிவிட்டிருந்தார்கள். வெயிலில் நடந்து எங்கள் வேதியியல் ஆய்வகத்துக்கு வந்தவர் முதலில் தண்ணீர் கேட்டார். அடுத்து, "நாலு மணிக்குள்ள அனுப்பிடுங்க சார், அப்புறம் கிரிவலத்துக்கு ரோட்டை அடைச்சிடுவாங்க" என்றார். உள்தேர்வாளரான நான் தலையாட்டினேன்.

கீழ்பென்னாத்தூரிலிருந்து வரும் இறுதியாண்டு மாணவி ஒருத்திக்குச் சீட்டுக் குலுக்கலில் வந்தது நாஃப்தலீனில் பென்சாயிக் அமிலம். நாஃப்தலீனை, அதாவது பாச்சை உருண்டையை, உருக்கி, ஆறவிட்டு, எந்த வெப்பநிலையில் உறைகிறதென்று பார்க்க வேண்டும். அமிலத்தைச் சேர்த்து மறுபடி பார்க்க வேண்டும். உறைநிலை எவ்வளவு இறங்கியதோ அதை வைத்து அமிலத்தின் மூலக்கூறு எடையைச் சொல்லிவிடலாம். இதில் தவறினால் அவளுக்கு ஒரு வருஷம் போய்விடும். படிப்புக்காக இன்னொரு வருஷம் பொறுக்கிற வீடு அல்ல. ஜாதகத்தை எடுத்து வைத்துவிட்ட வீடு.

பதினொரு மணிக்கு அவள் மேஜையைக் கடந்தபோது கணக்கைப் பார்த்தேன். புத்தகத்தில் 122 என்றிருக்கும் எடை அவளுக்கு 240க்குப் பக்கத்தில் வந்திருந்தது. மூன்று டிகிரி இறங்க வேண்டியது ஒன்றரைதான் இறங்கியிருந்தது.

"டபுளா வருதேம்மா. எங்கியோ தப்பு. ரீடிங்கைச் சரி பண்ணு" என்று முணுமுணுத்துவிட்டு நகர்ந்தேன். விடையிலிருந்து பின்னோக்கி நடந்து அளவீட்டைக் கண்டுபிடிப்பது எங்கள் ஆய்வகத்தின் பழைய பழக்கம். நான் பட்டம் வாங்கியதும் அப்படித்தான்.

இரண்டரை மணிக்குத் தாள்களைப் பார்க்க மேஜை மேஜையாக வந்த அம்மையார் அவள் தாளில் நின்றார்.

"டேபிள்ல மூணு டிகிரி. கிராஃப்ல ஒன்றரை. எதும்மா உன்னுது?"

அட்டவணையைத் திருத்தியவள் வரைபடத்தை அப்படியே விட்டிருந்தாள்.

"பக்கத்துல பாத்து எழுதினியா? காப்பின்னு நான் எழுதிட்டா பேப்பரே கேன்சல். தெரியுமில்ல?"

அவள் ஒரே ஒருமுறை என்னைப் பார்த்தாள். நான் எக்ஸாஸ்ட் ஃபேனைப் பார்த்தேன். அது ஓடவில்லை. அப்போதுதான் எனக்கு ஞாபகம் வந்தது. போன மாதம் இதே அமிலத்தைப் பற்றி முக்கால் மணி நேரம் வகுப்பில் கையை நீட்டி நடித்துக் காட்டியவன் நான். ஒன்றரைதான் சரி. நாஃப்தலீனுக்குள் அந்த மூலக்கூறுகள் பெரும்பாலும் ஜோடியாகவே இருக்கும். உறைநிலை தலை எண்ணும்போது ஜோடியை ஒன்றென்றே எண்ணும்.

அம்மையார் சிவப்புப் பேனாவின் மூடியைக் கழற்றினார்.

"மேடம், நான்தான் திருத்தச் சொன்னேன்."

"நீங்க எந்த டிபார்ட்மென்ட்?"

"கெமிஸ்ட்ரிதான் மேடம்."

"எத்தினி வருஷமா?"

"இருபத்திரெண்டு."

அவர் பேனாவை மூடவில்லை. மாணவியிடம் திரும்பினார். "சார் சொன்னதை விடு. ஏன் கம்மியா இறங்குச்சுன்னு சொல்லு. சொன்னா கிராஃபை எடுத்துக்கறேன். இல்லன்னா டேபிள்தான், காப்பின்னு எழுதிடுவேன்."

அவள் இரு கைகளையும் நீட்டினாள். வலது கையைக் காட்டினாள். "இது ஓஹெச், மேடம். இதோட ஹைட்ரஜனுக்கு எலெக்ட்ரான் கம்மி. இந்தக் கை இன்னொரு ஆக்சிஜன், கார்பனோட டபுள் பாண்டுல இருக்கிறது. இதுக்கு ஜாஸ்தி. எதிர்ல இன்னொரு ஆசிட் நின்னா..."

எதிரில் யாருமில்லை. நிறுத்திவிட்டாள்.

"சார், போய் நில்லுங்க" என்றார் அம்மையார்.

நின்றேன். அவள் வலது கைக்கு நேரே என் இடது, இடதுக்கு நேரே என் வலது. நடுவே நாலு விரல் இடைவெளி விட்டிருந்தாள்.

"என் ஹைட்ரஜனை அதோட ஆக்சிஜன் இழுக்குது. இந்தப் பக்கமும் அப்படியே. கெட்டியான பாண்டு இல்ல மேடம், அதான் கேப். ஆனா ரெண்டு பக்கமும் இழுக்கறதால லேசுல பிரியாது. தண்ணியா இருந்தா நடுவுல பூந்து பிரிச்சிடும். நாஃப்தலீன்கிட்ட குடுக்கவோ வாங்கவோ கை இல்ல. அதனால ரெண்டும் சேந்து ஒண்ணாவே இருக்கும், இறக்கமும் பாதிதான்."

அம்மையார் எழுத ஆரம்பித்தார். கையை இறக்கலாமா என்று கேட்டேன். பேனா ஓடிக்கொண்டேயிருந்தது. நின்றபடியே தலைகீழாகப் படித்தேன்: அட்டவணையின் குறுக்கே ஒரு கோடு, கிராஃபின் கீழ் பாஸ் மார்க்குக்கு மேலேயே ஓர் எண். அவளும் படித்துவிட்டாள், கைகள் தாமாக இறங்கின.

"அடிச்ச இடத்துல நீங்க கையெழுத்துப் போடுங்க சார்."

போட்டேன். அடுத்த மேஜையில் அவர் தாளைத் தொடாமல் நின்றார்.

"இதுலயும் எதையாவது திருத்தச் சொல்லியிருந்தா இப்பவே சொல்லிடுங்க சார். மணி மூணாவுது."