இறக்கைக்கு வெளியே நிற்பவர்

எங்கள் வீட்டில் யாரும் குளியலறைக்குள் நிம்மதியாக இருந்துவிட முடியாது. தாழ்ப்பாள் போட்டு ஒரு வாளி தண்ணீர் நிறைவதற்குள் வெளியிலிருந்து குரல் வரும். "உள்ள இருக்கியா? நல்லா இருக்கியா?" வேறு யார், என் வீட்டுக்காரர்தான். பதில் சொன்னால் போய்விடுவார், சற்று நேரத்தில் மறுபடி வருவார். சொல்லாவிட்டால் கதவைத் தட்டுவார். "குளிக்கிறவ எங்க ஓடிப்போவா?" என்று கத்திக் கத்தி என் தொண்டை வறண்டதுதான் மிச்சம். பிறகு பதில் சொல்வதையே விட்டுவிட்டேன். தட்டட்டும், கை வலித்தால் தானாக நிறுத்துவார்.

அவர் பிழைப்பு அப்படி. நான்கு என்ஜின் உள்ள பெரிய விமானங்களைப் பழுது பார்க்கும் பணிமனையில், இறக்கைக்கு அடியில் நிற்பது அவர் வேலை. கல்யாணமான புதிதில், "நிக்கிறதுக்கா சம்பளம்?" என்று நான் சிரித்த சிரிப்பு கொஞ்சநஞ்சமல்ல.

விமானத்தின் எரிபொருள் வயிற்றுக்குள் இருக்கும் என்றுதான் நானும் நினைத்திருந்தேன். வயிற்றில் ஒரு தொட்டி உண்டு. அதை முதலில் காலி செய்வார்களாம். மீதி எல்லாம் இறக்கைக்குள். பறக்கும்போது காற்று இறக்கையை மேலே தூக்கி வளைக்கப் பார்க்கும். உள்ளே இருக்கும் எண்ணெயின் கனம்தான் அதைப் பிடித்து நிறுத்துகிறது, அதனால் அதைக் கடைசிவரை பத்திரமாக வைத்திருப்பார்கள். ஒவ்வோர் என்ஜினுக்கும் தனித் தொட்டி, தனிப் பம்பு. ஒரு தொட்டியில் குறைந்தால் பக்கத்துத் தொட்டி அந்த என்ஜினுக்கும் கொடுக்கும். அதற்குக் குறுக்கே ஒரு குழாயும் வால்வுகளும் இருக்கின்றன. "நாலு அண்ணன் தம்பிங்க தனித்தனியா அடுப்பு வச்சாலும், நடுவுல கதவு இருக்குல்ல, அந்த மாதிரி" என்பார் என் வீட்டுக்காரர். இதைச் சொல்லும்போது மனுஷனுக்கு முகம் அப்படி மலரும்.

அந்தத் தொட்டிக்குள் புகுந்து வேலை செய்பவன் என் தம்பி. ஒல்லிக்குச்சி. எண்ணெயை வடித்து, காற்றடித்து உலர்த்திய பிறகு, இறக்கையின் அடியில் இருக்கும் முட்டை வடிவத் துளை வழியாக உள்ளே போவான். உள்ளே வரிசையாகத் தடுப்புகள், தடுப்புகளில் சின்னச் சின்ன மடிப்புக் கதவுகள். பம்பு இருக்கும் பள்ளத்துப் பக்கம் எண்ணெய் போகும்போது அவை திறக்கும், திரும்பி ஓடப் பார்த்தால் மூடிக்கொள்ளும். ஒன்று சிக்கினாலும் இவன்தான் தவழ்ந்து போக வேண்டும். எண்ணெயின் ஆவி பொல்லாதது. தெரியாமலே ஆளைக் கிறங்கடித்துவிடும். அதனால் வெளியே நிற்பவர் விடாமல் கூப்பிட வேண்டும், உள்ளே இருப்பவன் வாயைத் திறந்து பதில் சொல்ல வேண்டும். குரல் குழறினால் உடனே வெளியே வந்தாக வேண்டும். அதுதான் அங்கே சட்டம்.

இந்தப் பழக்கம் வீடுவரை வந்ததில்தான் வினையே. தம்பிக்குப் பெண் கொடுக்கப் பேச வந்தவர்கள் எங்கள் வீட்டில் உட்கார்ந்திருந்தார்கள். பெண்ணின் அப்பா குளியலறைக்குப் போனார். கொஞ்ச நேரம் ஆயிற்று. என் வீட்டுக்காரர் எழுந்தார். நான் கண்ணைக் காட்டினேன், சட்டையைப் பிடித்து இழுத்தேன், கேட்டால்தானே! "உள்ள இருக்கீங்களா? வாயைத் திறந்து பதில் சொல்லுங்க!" என்று கதவை இடித்தார். அந்த மனிதர் வெளியே வந்த முகத்தைப் பார்த்திருக்க வேண்டும். வைத்த டீ வைத்தபடி இருக்க எழுந்து போய்விட்டார்கள். அதன் பிறகு ஒரு தகவலும் இல்லை.

தம்பி கொதித்தான். "இனிமே மாமாகூட ஒரு வார்த்தை பேசுனா கேளுக்கா!" இவரும் முறுக்கிக்கொண்டார். "நான் என்ன தப்பு பண்ணிட்டேன்? மயங்கிக் கிடந்திருந்தா என்ன செய்வீங்க?"

பேச்சுவார்த்தை இல்லாத இருவருக்கு, பேசியே ஆக வேண்டிய வேலை. அந்த இரண்டு மேதாவிகளும் ஒரு வழி கண்டுபிடித்தார்கள். இவர் வெளியிலிருந்து இரண்டு தட்டு, அவன் உள்ளிருந்து இரண்டு தட்டு. மேற்பார்வையாளருக்குத் தெரியாது. எனக்குத் தெரிந்திருந்தால் இருவர் முதுகிலும் நானே தட்டியிருப்பேன்.

அன்று உள்ளே காற்று செலுத்தும் குழாய், ஒரு தடுப்பின் மூலையில் மடங்கிவிட்டது. வெளியே இருந்த, ஆவியை அளக்கும் மீட்டர் துளையோரக் காற்றை மட்டும் பார்த்து, எல்லாம் சரி என்றது. இவர் தட்டினார், பதில் வந்தது. மறுபடி தட்டினார், வந்தது. பிறகு இவர் தட்டாமலே வந்தது. இரண்டு தட்டு, கொஞ்சம் அமைதி, மறுபடி இரண்டு. கேட்காத கேள்விக்கு எதற்குப் பதில்? உள்ளே கை மட்டும் தானாகத் தட்டுகிறது என்று புரிந்ததும், இவர் தட்டுவதை விட்டுக் கத்தினார்.

"மச்சான்! பேசுடா! கோபமிருந்தா திட்டு, வாயைத் திறந்து திட்டுடா!"

தட்டுதான் வந்தது. அபாய மணியை அடித்தார். மீட்புக்குழு முகமூடி மாட்டி வர வேண்டும். அதுவரை வெளியே நிற்பவர் உள்ளே தலையை விடக் கூடாது. விட்டால் இரண்டு பேரை இழுக்க வேண்டிவரும். அதனால் துளையோரம் நின்று கத்தினார். "சரிவுல வா மச்சான்! எண்ணெய் ஓடுற பக்கமா வா! பள்ளத்துல நான் நிக்கிறேன்!" இறக்கை நுனிப் பக்கம் உயர்ந்து, உடலோடு சேரும் பக்கம் தாழ்ந்திருக்கும். எண்ணெய் தானாக அங்கேதான் வந்து சேரும். தம்பி நுழைந்த துளையும் அங்கேதான்.

"எந்தப் பக்கம் வாசல்னே தெரியலக்கா," என்று தம்பி அன்று மாலை போனில் சொன்னான். "அப்படியே தூங்கிரலாம்னு இருந்துச்சு. மாமா தூங்க விடல. உடம்பு எந்தப் பக்கம் சரியுதோ அந்தப் பக்கமாவே போனேன்."

துளையில் அவன் கை தெரிந்ததும் மீட்புக்குழு ஆட்கள் இழுத்துப் போட்டார்கள். மூச்சு சீராகிக் கண் திறந்ததும் அவன் சொன்னது, "இருக்கேன் மாமா." இவர் அங்கேயே தரையில் உட்கார்ந்து குழந்தை மாதிரி அழுதாராம்.

மேற்பார்வையாளர் இருவரையும் காய்ச்சி எடுத்தது தனிக்கதை. தம்பியே பெண் வீட்டுக்குப் போய் நடந்ததைச் சொன்னதும், பெண்ணின் அப்பா விழுந்து விழுந்து சிரித்துச் சம்மதம் சொன்னதும் அடுத்த மாதத்துக் கதை.

அன்று மாலை இவர் வீட்டுக்கு வந்தபோது தொண்டை சுத்தமாகக் கட்டியிருந்தது. காற்றுதான் வந்தது, குரல் வரவில்லை. தட்டில் சோற்றைப் போட்டுவிட்டு, அழுகை வந்துவிடுமோ என்று பயந்து நான் குளிக்கப் போனேன்.

வாளி நிறைந்தது. யாரும் கூப்பிடவில்லை, தட்டவுமில்லை. இத்தனை வருஷம் நான் கேட்டுச் சண்டை போட்ட நிம்மதி, எனக்குக் கொஞ்சமும் பிடிக்கவில்லை. குனிந்து கதவடியில் பார்த்தேன். இரண்டு பாதங்களின் நிழல் அசையாமல் நின்றிருந்தது.

"இருக்கேங்க," என்றேன். "நல்லா இருக்கேன்."

நிழல் போனது. சற்று நேரத்தில் மறுபடி வந்தது. நானும் மறுபடி சொன்னேன்.