நான் நடத்திய மனசாட்சிப் பாடம்

எம்.ஏ. ஆங்கிலத்தில் எனக்கு மிகவும் பிடித்தது டிரான்சென்டென்டலிசம். சர்ச்சும் அரசும் ஊரும் சொல்வதைவிடத் தனக்குள்ளே கேட்கும் குரலை ஒருவன் நம்ப வேண்டும், இயற்கையின் நடுவே தனியாக நின்றால் அது தெளிவாகக் கேட்கும் என்று சொன்ன பழைய அமெரிக்க எழுத்தாளர்களின் இயக்கம். பரீட்சையில் பக்கம் பக்கமாக எழுதித் தள்ளினேன். அந்தப் படிப்பு எனக்குச் சவுதியில், ஜுபைலில், ஆட்களின் வேலை நேரம் குறிக்கும் டைம்கீப்பர் வேலை வாங்கிக் கொடுத்தது. கேம்பைச் சுற்றிக் கண்ணுக்கு எட்டிய வரை மணல். ரூமுக்குள் ஆறு பேர்.

வெள்ளிக்கிழமைகளில் கோழி வெட்டிக்கொண்டே இதையெல்லாம் கீழ்க்கட்டில்காரரிடம் அளப்பேன். பரமக்குடிப் பக்கத்து ஆள், சாரம் கட்டுபவர், என்னைவிடப் பதினைந்து வயது மூத்தவர். மற்றவர்கள் "ஆரம்பிச்சுட்டாண்டா" என்று எழுந்து போய்விடுவார்கள். அவர் மட்டும் வெங்காயம் உரித்தபடி கேட்பார். கேட்க ஓர் ஆள் கிடைத்த மிதப்பில், "ஊரே ஒரு பக்கம் நின்னாலும் நம்ம மனசு சொல்றதுதாண்ணே சட்டம்" என்பேன். எனக்கு அது வெறும் பேச்சு. அவருக்கு அப்படி இல்லை என்பது என் மரமண்டைக்கு உறைக்கவில்லை.

கோடையில் மதியம் பன்னிரண்டிலிருந்து மூன்று வரை வெயிலில் வேலை வாங்கக் கூடாது என்பது சட்டம். அந்த வருடம் அவசர வேலை. யாரையும் உட்கார விடவில்லை. ஒரு மதியம் வெல்டர் ஒருவர் சாரத்தின் மேலேயே மயங்கி விழுந்தார். பெல்ட் போட்டிருந்ததால் பிழைத்தார். மறுநாள் காலை ஆபீஸிலிருந்து ஒரு தாள் வந்தது, நாங்கள் எல்லோரும் தினமும் அந்த மூன்று மணி நேரம் ஓய்வெடுத்தோம் என்று. கையெழுத்து வாங்குவது என் வேலை. எல்லோரும் வரிசையாகப் போட்டார்கள். கீழ்க்கட்டில் அண்ணன் மட்டும் பேனாவைத் தொடவில்லை.

"நான் ஓய்வே எடுக்கலயே தம்பி, எப்படிப் போடுறது?"

"அண்ணே, வேலை போயிரும். பேசாம போடுங்க."

"நீங்கதான தம்பி சொன்னீங்க?"

குரலில் துளி கேலி இல்லை. மனிதர் உண்மையாகவே கேட்டார்.

ஃபோர்மேன் வந்தார். இவனுக்கு இதையெல்லாம் யார் சொல்லிக்கொடுத்தது என்று என்னிடம் இந்தியில் கேட்டார். "மாலும் நஹி பாய்" என்றேன். தெரியாது என்று நான் சொன்னது புரியும் அளவுக்கு அண்ணனுக்கு இந்தி தெரியும். என்னைப் பார்த்தார். காட்டிக்கொடுக்கவில்லை.

"கலாஸ்", வேலை முடிந்தது என்று அவரைக் கேம்புக்கு அனுப்பினார்கள். ஒரே வாரத்தில் விசாவை ரத்து செய்து எக்ஸிட் அடித்து ஊருக்கு ஏற்றிவிட்டார்கள். மகளுக்கு நிச்சயம் முடிந்திருந்த நேரம்.

அந்த அமெரிக்க எழுத்தாளர்கள் மேல் எனக்கு இன்னும் வயிற்றெரிச்சல் தீரவில்லை. அவர்களுக்கு விசா கிடையாது, கஃபீல் என்ற முதலாளி கிடையாது. கோபித்துக்கொண்டு கிளம்பினால் வீட்டுக்கு நடந்தே போய்விடலாம். ஆனால் அவர்களைத் திட்டி என்ன? ஒரு கட்டம் காலியாக இருந்தால் ஆபீஸில் தாளை வாங்க மாட்டார்கள். அவரைக் கேம்புக்கு அனுப்பிய அன்றே, அவர் பெயருக்கு நேரே, அவர் போடுகிற மாதிரியே கோணலாக, நான்தான் கையெழுத்துப் போட்டேன்.