பிளாரன்சின் வலது கால்

ரோச் கப்பலுக்குப் போக முடிவெடுத்ததிலிருந்து அவன் மனைவி பிளாரன்சுக்கு இருப்புக் கொள்ளவில்லை. புதுத் துறைமுகம் வந்து வேலை பெருகியும் அவனுக்கு ஊரில் கால் தரிக்கவில்லை. மீன் ஏற்றும் பழைய பிக்கப் விலைபோய்விட்டால் கப்பல் பிடிக்க மறுவாரமே பம்பாய்க்கு ரயிலேறிவிடுவான். அவள் அப்பாவும் கப்பல்காரர்தான். டிரங்குப் பெட்டியோடு எப்போதாவது வந்துபோன விருந்தாளி. பெற்ற மகளிடமே பெயர் கேட்ட மனிதர். புருஷனும் அப்படி ஆகிவிடுவானோ என்று பயம். பயத்தை வாய்விட்டுச் சொல்லுகிற பழக்கம்தான் அவளுக்குக் கிடையாது.

வண்டி வாங்குகிறவர் மதியத்துக்குள் வருவதாகச் சொல்லியிருந்தார். பிரேக்கோ மிதித்தால் தரைவரை போனது. பிரேக் ஆயில் குழாயில் காற்றுப் புகுந்திருந்தது. அதை வெளியேற்ற இரண்டு பேர் வேண்டும். அவள் சீட்டில், அவன் வண்டிக்கடியில்.

“மிதி, மிதி... அப்படியே பிடிச்சுக்கோ. நான் சொல்லாம காலை எடுக்காத, ஏளா.”

சக்கரத்தின் பின்னால் காற்றை வெளியேற்ற இருந்த நிப்பிளை அவன் திறந்தான். பிரேக் ஆயில் குமிழ் குமிழாகப் பீய்ச்சியடித்தது. மூடுவதற்குள் அவள் காலைத் தூக்கினாள். வெளியே போன காற்று சமர்த்தாக உள்ளே திரும்பியது.

“எங்கன இருந்துதான் காத்து வருதோ!”

உப்புக்காற்றையும் துருவையும் வைதுகொண்டே அவன் சக்கரம் சக்கரமாக ஊர்ந்தான். மேலே இருந்த மகராசி தெருமுனையையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

காயல்பட்டினத்து வியாபாரி மீராசாகிபு வந்து சேர்ந்தார். கூடவே அவருடைய இரண்டு சின்ன மகள்கள். முன்சீட்டில் ஏறிப் போக வேண்டுமாம்.

“பிரேக் இன்னும் சரியாவல, மொதலாளி” என்றான் ரோச்.

“பரவால்ல. மெதுவா ஓட்டிக்கிடுதேன். ஊர்ல போயி பாத்துக்கிடலாம்.”

பிள்ளைகள் அதற்குள் படியில் கால் வைத்துவிட்டார்கள். பிளாரன்ஸ் சீட்டிலிருந்து குதித்தாள். இரண்டையும் தூக்கி இறக்கிவிட்டாள்.

“இஞ்சேருங்க, இன்னும் ஒருக்கா பாப்போம்.”

இந்தத் தடவை அவன் “விடு” என்று சொல்லும்வரை கால் அசையவில்லை. ஒவ்வொரு சக்கரமாக, தொடை கடுக்கக் கடுக்க மிதித்துப் பிடித்தாள். கடைசியில் குமிழே இல்லாமல் ஆயில் வந்தது. பெடல் பாதியிலேயே கல்லாய் நின்றது.

ரோச் வெளியே வந்து அவள் காலைப் பார்த்தான், முகத்தைப் பார்த்தான். புரிந்துவிட்டது.

“காலையிலருந்து நீதானா?”

“நான்தான்.”

“போவாதியன்னு ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம்லா?”

“சொல்லியிருந்தா இருந்திருப்பியளா?”

 அவன் கையைத் துடைத்துக்கொண்டு, சாவியை வியாபாரியிடம் கொடுக்கப் போனான்.