விரல் நுழையும் இடுக்கு

பாலக்கோட்டுக்குப் பக்கத்தில் பானுமதிக்கு ஒரு பட்டுப்புழுக் கொட்டகை இருந்தது. இருந்தது என்றுதான் சொல்ல வேண்டும். புருஷன் செத்த பிறகு, தாலிக்கொடியை விற்று, மாமியார் பெயரிலிருந்த நிலத்தில் அவள் போட்ட கொட்டகை அது. தகரக் கூரைக்குக் கீழே ஃபோம் ஒட்டிய ஜிப்சம் போர்டுகளால் ஓர் உள்கூரை. வெயிலும் பனியும் புழுவுக்கு ஆகாது. அந்தப் புழு பிழைத்தால்தான் அவளும் யார் வாசலிலும் போய் நிற்காமல் பிழைக்க முடியும்.

போர்டு வேலையை எடுத்துக்கொண்டவன் கொழுந்தன் மாதேஷ். பெங்களூரில் பெரிய ஆபீசுகளுக்கெல்லாம் சீலிங் போட்டவன் என்று அவனே சொல்லிக்கொள்வான். வேலை தெரிந்தவன்தான், பாவி. ஒரு போர்டின் ஃபோம் அடுத்ததன் ஃபோமை முட்டி நிற்க வேண்டும், முட்டாத இடத்தை ஸ்பிரே ஃபோம் அடித்து அடைத்த பிறகுதான் மேலே பட்டி மாவைக் குழைத்துப் பூச வேண்டும் என்று முதல் நாளே அவளுக்குச் சொல்லிக்கொடுத்தவனும் அவன்தான்.

பாதி வேலையில் ஸ்பிரே டின் தீர்ந்துபோனது. ஓசூரிலிருந்து வர வேண்டும். கார்த்திகையோ முடியப்போகிறது. மார்கழியில் புதுக் கொட்டகையில் புழு இறக்கினால் குடும்பத்துக்கு ஆகாது என்று மாமியார் கண்ணம்மாள் ஒற்றைக் காலில் நின்றாள்.

"டின்னு வரட்டும் தம்பி. வெரல் போற அளவுக்கு சந்து இருக்குதே," என்றாள் பானுமதி.

"மேல பட்டி பூசிட்டா யாருக்குங்க அண்ணி தெரியப்போவுது?"

பூசினான். கொட்டகை கல்யாண மண்டபம் போல ஜம்மென்று ஆனது. கண்ணம்மாளுக்கு ஒரே குறைதான். "மொதப் புழுத் தட்டை சுமங்கலி யாராச்சும் எறக்கட்டும்," என்றாள்.

"என் புழு. நான்தான் எறக்குவேன்," என்று பானுமதி இறக்கினாள். ஊரே பார்த்தது.

மார்கழிப் பனியில் தகரம் சில்லிட்டது. உள்ளிருந்த ஈரக்காற்று இடுக்கு வழியாக ஏறி, தகரத்தில் பட்டுத் தண்ணீராகி, பட்டியை ஊறவைத்துக்கொண்டு சொட்டியது. சொட்டிய இடத்திலெல்லாம் புழுக்கள் சுண்ணாம்புக் கட்டியாக வெளுத்து விறைத்தன. பிறகு நோய் எல்லாத் தட்டுக்கும் பரவியது. ஆனால் முதலில் செத்தவை போர்டுகளின் மூட்டுக்கு நேர் கீழே, நூல் பிடித்ததுபோல வரிசையாகக் கிடந்ததைப் பானுமதி பார்த்திருந்தாள்.

ஸ்டூலில் ஏறிப் பட்டியைச் சுரண்டி, இடுக்கில் விரலை விட்டுக் காட்டினாள். "இதப் பாருங்க அத்த. இதுக்கு நேராத்தான் செத்துச்சு."

கண்ணம்மாள் நிமிர்ந்துகூடப் பார்க்கவில்லை. "கட்டுனவனையே முழுங்குனவ. புழு எம்மாத்தரம்?"

மாதேஷ் செல்போனைத் தடவிக்கொண்டு நின்றான். ஒரு வார்த்தை சொல்லியிருந்தால் போதும். நாக்கு அவனுக்கும் இருந்தது, எதற்கு இருந்ததோ.

நிலம் கண்ணம்மாளுடையது, அதனால் கொட்டகை கை மாறியது. தை பிறந்ததும் மாதேஷ் அதைப் பிளீச்சிங் பவுடர் போட்டுக் கழுவி, கதவைச் சாத்திக்கொண்டு என்னவோ வேலை பார்த்தான். அவன் பெண்டாட்டி நிர்மலா புழு இறக்கினாள். கூடு ஒவ்வொன்றும் கல்லு மாதிரி திரண்டு வந்தது. வருகிறவர் போகிறவரிடமெல்லாம் கண்ணம்மாள் சின்ன மருமகளின் கையைப் பிடித்துக் காட்டினாள். ராசி என்றால் இதுதான் என்று ஊரும் ஒத்துக்கொண்டது. மெய்ப்பிக்க வேறென்ன வேண்டும்?

பானுமதி இப்போது அதே கொட்டகைக்குக் கூலிக்கு மல்பெரித் தழை அறுக்கிறாள். ஒருநாள் தழைக் கட்டை இறக்கிவிட்டு, வாசலில் தனியாக நின்ற மாதேஷைக் கேட்டாள்.

"அந்தச் சந்தெல்லாம் அடச்சிட்டியா தம்பி?"

"பின்ன? அப்படியே வுட்டா புழு செத்துருமே அண்ணி," என்றான் அவன், சாவகாசமாக. "தழைய அங்கயே வெச்சிட்டுப் போங்க. உள்ள வந்துராதீங்க."