பிடுங்காத வைக்கோல்

வைக்கோல் என்றாலே எனக்கு ஆகாது. இன்றைக்கும் தொட்டால் கை முழுக்கத் தடித்துவிடும். பத்து வயதில் என் தலையில் விழுந்த ஒரே வேலையோ அதுதான். பள்ளிக்கூடம் விட்டு வந்ததும் வைக்கோல் போரிலிருந்து இரண்டு கை அணைப்பு பிடுங்கி மாட்டுக்குப் போட வேண்டும். அம்மா கட்டுக் கட்டாகச் சுமப்பாள். ஒரு தடவைகூடச் சொறிந்து நான் பார்த்ததில்லை. பெரியவர்களுக்குத் தோல் மரத்துப் போயிருக்கும் என்று நானே முடிவு செய்துகொண்டேன்.

சாலவாக்கம் பக்கம் எங்கள் ஊர். எங்களுக்கு நிலம் கிடையாது. அப்பா செங்கல் சூளையில் தங்கி வேலை செய்தார். அம்மா நடவுக்கும் அறுப்புக்கும் கூலிக்குப் போவாள். சொந்தம் என்று இருந்தது ஒரு ஜெர்சி மாடுதான். பால் சொசைட்டியில் அம்மாவின் பாலுக்கு நல்ல பெயர். ஃபேட் பார்க்கிற மிஷினில் நாலுக்குக் கீழே இறங்கவே இறங்காது. அந்த எண்ணைச் சத்தமாகச் சொல்லும்போது வரிசையில் நிற்கிற எல்லோரையும் அம்மா ஒரு சுற்றுப் பார்ப்பாள்.

அந்த வருஷம் மழை கொட்டித் தீர்த்தது. ஏரிக்கரை முழுக்க இளம் புல். அறுத்தால் அரிக்காது, மாடும் மொறுக் மொறுக்கென்று தின்கிறது. பிறகென்ன, வைக்கோல் பக்கமே நான் போகவில்லை. ஒரு வாரத்தில் பால் அரை லிட்டர் கூடியது. “எங்கம்மா, மகராசி!” என்று அம்மா மாட்டைக் கொஞ்சினாள். கொஞ்ச வேண்டியது என்னை என்று எனக்குள் ஒரே பெருமை.

அடுத்த வாரம் மிஷின் மூன்று என்றது. மறுநாளும் மூன்று.

“இன்னாமா இது? பாலு ஏறுது, ஃபேட்டு எறங்குது. தண்ணி ஊத்திக்கினு வரியா?” என்றார் சொசைட்டி செகரெட்டரி. பாலில் தண்ணீரைக் கண்டுபிடிக்கிற டிகிரி குழல் உடைந்து ஒரு மாதம் ஆகியிருந்தது; அதனால் அவர் சொன்னதே தீர்ப்பு. வரிசையில் யாரோ சிரித்தார்கள்.

அம்மாவுக்கு முகம் ஜிவ்வென்று சிவந்துவிட்டது. “யாரு, நானா? அம்மன் கோயில்ல சூடம் அணைச்சி சத்தியம் பண்றேன், வாண்ணா. எம்புள்ள குடிக்கிற பாலுண்ணா அது!”

“சூடம்லாம் வேணாம். நாளைக்கு வூட்டாண்ட வந்து நானே பாக்கறேன். தப்பு இருந்துச்சின்னா இனிமே உம்பாலு இங்க வேணாம்.”

அன்றைக்கு அம்மா சாப்பிடவில்லை. புல்லுக்கும் இதற்கும் முடிச்சு போட எனக்குத் தெரியவில்லை. பாவம் அம்மா, நாளைக்கு இன்னும் கொஞ்சம் புல் போடலாம் என்று நினைத்தேன். என் புத்தி அப்படி!

மறுநாள் காலை செகரெட்டரி கண்ணெதிரிலேயே அம்மா கறந்தாள். கறந்து முடிப்பதற்கும் மாடு கழிச்சலாகச் சாணி போடுவதற்கும் சரியாக இருந்தது. அவருடைய வெள்ளை வேட்டியில் பாதி பச்சை. திட்டப் போகிறார் என்று பார்த்தால், மனுஷர் குனிந்து சாணியையே உற்றுப் பார்த்தார்.

“தண்ணி இல்லம்மா, இதான் விஷயம். வெறும் இளம்புல்லா துண்ணுது. வைக்கோல மென்னு அசை போட்டாத்தான் பாலுல கொழுப்பு நிக்கும். வைக்கோலு போடறதில்லியா நீ?”

“போடாம? தெனம்...” என்று சொல்லிக்கொண்டே அம்மா போரைத் திரும்பிப் பார்த்தாள். தினமும் பிடுங்கியிருந்தால் அங்கே ஒரு குழி விழுந்திருக்க வேண்டும். குழியைக் காணோம். சிலந்தி வலை கட்டியிருந்தது. அம்மா என்னை ஒரு தடவை பார்த்தாள். நான் மாட்டின் வாலைப் பார்த்தேன்.

“நான்தாண்ணா,” என்றாள் அம்மா. “நடவு வேலையில மறந்தே பூட்டேன்.”

“நல்லா மறந்த போ! மாடு வெச்சிக்கினு வைக்கோல மறப்பாங்களா?”

சொசைட்டியில் அவரே எல்லோருக்கும் சொல்லிவிட்டார். தண்ணீர்ப் பழி போனது. ஆனால் அம்மாவைப் பார்க்கும்போதெல்லாம், “இன்னாக்கா, இன்னிக்காச்சும் மாட்டுக்கு வைக்கோலு போட்டியா?” என்று பல மாதம் கேலி செய்தார்கள். முதல் நாள் சூடம் அணைக்கக் கிளம்பியவள் இதற்கெல்லாம் சும்மா சிரித்துக்கொண்டாள். எனக்கானால் தப்பித்த சந்தோஷம். அம்மாவுக்கு ஒன்றும் தெரியாது, நன்றாக ஏமாற்றிவிட்டோம் என்று நம்பினேன்.

செகரெட்டரி வந்துபோன அன்று சாயங்காலம் நான் போர் பக்கம் கிளம்பியபோது அம்மா தேங்காய் எண்ணெய்க் கிண்ணத்தோடு வந்தாள். திட்டவில்லை. என் இரண்டு கையிலும் முழங்கைக்கு மேலே வரை வழியத் தடவினாள்.

“இப்ப புடுங்கு. அவ்ளோவா அரிக்காது.”

அரிப்பைப் பற்றி நான் யாரிடமும் சொன்னதே இல்லை. அம்மாவுக்கு எப்படித் தெரிந்தது என்று வைக்கோல் பிடுங்கிக்கொண்டே ரொம்ப நேரம் யோசித்தேன். அம்மாவுக்கும் அரிக்கும் என்பது மட்டும் எனக்குத் தோன்றவே இல்லை.