முன்வரிசையில் இரண்டு ஏஸ்

மெடிங் வாயைத் திறந்தால் எஸ்தான்சியா மீன் சந்தையில் ஏலம் விடுகிறவனே கொஞ்சம் நிறுத்திக்கொள்வான். பள்ளிக்கூடச் சீருடை தைத்துத் தைத்தே வீட்டை நிமிர்த்தியவள். அவளுக்கு வாய்த்த புருஷன் அன்செல்மோ சந்தைக்கும் படகுத்துறைக்கும் நடுவே ஆளேற்றும் ட்ரைசைக்கிள் வண்டி ஓட்டினான். தங்கமான மனுஷன்தான். ஆனால் சீட்டுக்கட்டைக் கண்டுவிட்டால் வீடு வாசல் எல்லாம் மறந்து போகும்.

ஒருநாள் அந்த ட்ரைசைக்கிளையே புசோய் என்கிற சீட்டாட்டத்தில் கோரியோவிடம் தோற்றுவிட்டு நடந்து வந்தான். கோரியோ வேறு யாருமல்ல, அவர்கள் மகள் ரொவேனாவுக்கு ஞானத்தகப்பன். தோற்றது கூடப் பரவாயில்லை, ஊரே சிரிக்கிற மாதிரித் தோற்றிருந்தான். "ஏஸை முன்னால வச்ச அன்செல்மோ" என்று சந்தைப் பொடியன்கள் வரை கத்தினார்கள். அதில் சிரிக்க என்ன இருக்கிறதென்று மெடிங்குக்குப் புரியவில்லை. அவள் சீட்டைக் கையாலும் தொட்டதில்லை. ஆனாலும் விடுவாளா? "மூணு வரைக்கும் எண்ணத் தெரியாதவன்" என்று அன்றிலிருந்து காலைக் காப்பியோடு அதையும் சேர்த்தே அவனுக்குக் கொடுத்தாள்.

கோரியோ மேல்தான் அவளுக்கு இன்னும் ஆத்திரம். ஆட்டத்துக்குக் கொஞ்ச நாள் முன்னால் அடித்த புயலில் அவன் படகு இரண்டாகப் பிளந்து கிடந்தது. அன்செல்மோ ஒரு மூட்டை அரிசி கொண்டுபோய்க் கொடுத்தபோது, "நான் என்ன பிச்சைக்காரனா?" என்று திருப்பி அனுப்பியவன் அவன். அரிசிக்கு ரோஷம் பார்த்தவன் ட்ரைசைக்கிளை மட்டும் வாய் திறக்காமல் வாங்கிக்கொண்டான் என்று மெடிங் போகிற வருகிறவர்களிடமெல்லாம் சொன்னாள்.

வண்டி போனதும் அன்செல்மோ படகுத்துறையில் மீன்பெட்டி சுமந்தான். இரண்டு வருஷம் சுமந்தான். போன திங்கட்கிழமை பெட்டியை இறக்கி வைத்துவிட்டு அதன் மேலேயே உட்கார்ந்தவன், அப்புறம் எழுந்திருக்கவில்லை.

அந்த ஊர் வழக்கப்படி, சவம் கூடத்தில் இருக்கும்வரை முற்றத்தில் சீட்டாட்டம் நடக்க வேண்டும். ஆள் அரவம் இல்லாமல் பிணத்தைத் தனியாக விடக்கூடாது. ஒவ்வொரு ஆட்டத்திலும் ஜெயித்தவர் சாவு வீட்டுக்கென்று ஒரு காசைத் தகரடப்பாவில் போடுவார். எந்தச் சனியன் தன் குடும்பத்தைக் கெடுத்தது என்று நினைத்தாளோ, அந்தச் சனியனுக்கே மெடிங் முற்றத்தில் மேஜை போட்டு, காப்பியும் ஊற்ற வேண்டியதாயிற்று.

முதல் நாளே கோரியோ வந்தான். சவப்பெட்டியின் முன்னால் தலை குனிந்து நின்றான். பிறகு ட்ரைசைக்கிள் சாவியை எடுத்து மெழுகுவர்த்திப் பக்கத்தில் வைத்தான்.

"என்னய்யா இது?" என்றாள் மெடிங்.

"வச்சுக்கோ மாரே. என் படகு தண்ணில இறங்கியாச்சு. உனக்கு ஒதவும்." மகளுக்கு ஞானத்தகப்பன் என்ற உறவில் அவன் அவளை அப்படித்தான் கூப்பிடுவான்.

சாவி பறந்துபோய் முற்றத்துச் சேற்றில் விழுந்தது.

"தோத்த சாமானைத் தானமா வாங்குற வீடா இது? ஆடித்தானே எடுத்தே? ஆடியே திருப்பி எடுத்துக்கறேன். நாளன்னிக்கு மத்தியானம் உக்காரு. வண்டிக்கு எதிரா என் தையல் மெஷின்."

சொன்ன பிறகுதான் அவளுக்கே உறைத்தது. கடைகளில் ரெடிமேட் சீருடை வந்த நாளாக அந்த மெஷினில் அரை வயிற்றுக்குத்தான் கிடைக்கிறது. அதுவும் போனால் முழுப் பட்டினி. ஆனால் மெடிங் ஒரு வார்த்தையைச் சொல்லிவிட்டுத் திரும்பி எடுத்துக்கொண்டதாக அந்தத் தெருவில் யாருக்கும் ஞாபகமில்லை. கோரியோ சேற்றில் குனிந்து சாவியைப் பொறுக்கிச் சட்டையில் துடைத்துக்கொண்டு போய்விட்டான்.

வாழைக்காய் பொரித்து விற்கும் பெலின்தான் அவளை அடுக்களைக்கு இழுத்துப் போனாள். ஆண்களோடு சரிக்குச் சரி உட்கார்ந்து ஆடுகிறவள் அவள்.

"உனக்கு என்ன, புத்தி கெட்டுப் போச்சா? ஏஸுக்கும் ஜாக்கிக்கும் வித்தியாசம் தெரியுமாடி உனக்கு?"

"நீ எதுக்கு இருக்கே? சொல்லிக் கொடு."

பெலின் தலையில் அடித்துக்கொண்டாள். பிறகு அரிவாள்மணையை ஒதுக்கிவிட்டுத் தரையில் சீட்டைப் பரப்பினாள்.

"பதிமூணு சீட்டு வரும். அதை மூணு வரிசையாப் பிரிக்கணும். முன்னால மூணு, நடுவுல அஞ்சு, பின்னால அஞ்சு. எதிராளியோட வரிசைக்கு வரிசை மோதும். ரெண்டு வரிசை ஜெயிச்சா ஆட்டம் உனக்கு."

"அவ்வளவுதானா?"

"அவ்வளவுதானாவா? கேளு. பலமானது பின்னால, அதை விடச் சொத்தை நடுவுல, இருக்கறதுலயே சொத்தை முன்னால. இது மாறக்கூடாது. நடுவரிசையை விட முன்வரிசை பெரிசாயிருந்தா வரிசை கவிழ்ந்துச்சுன்னு அர்த்தம். கையில ராஜ்ஜியமே இருந்தாலும் மூணும் போச்சு."

"எந்த மடையன் அப்படி வைப்பான்?"

பெலின் கூடத்துப் பக்கம் பார்த்தாள். மெடிங்குக்கு முகம் சுருங்கிப் போயிற்று. ஊர் எதற்குச் சிரித்தது என்று அன்றைக்குத்தான் அவளுக்குத் தெரிந்தது.

இரண்டு நாள் காப்பி ஊற்றுகிற சாக்கில் ஒவ்வொருவர் முதுகுக்குப் பின்னாலும் நின்றாள். எது ஜோடி, ஒரே சாதியில் ஐந்து வந்தால் என்ன, மூன்றும் இரண்டும் சேர்ந்தால் அதையும் எப்படி அடிக்கும் என்று உதடு அசையாமல் உருப் போட்டாள். சீருடைத் துணியை வெட்டும்போது எதை எங்கே வைத்தால் மிச்சம் விழாது என்று பார்க்கிற கண்தானே, சீட்டும் சீக்கிரம் பிடிபட்டது. ஒரே ஒருவன் மட்டும் அவள் பார்த்தவரையில் யோசிக்கவே இல்லை. கோரியோ சீட்டை வாங்குவான், விரித்துப் பார்ப்பான், மூன்று வரிசையாக இறக்கிவிடுவான். ஒரு தடவை கூடப் பிசகவில்லை.

மூன்றாம் நாள் மத்தியானம் மழை கொட்டியது. முற்றத்துத் தார்ப்பாய்க்கு அடியில் தெருவே வந்து நெருக்கியடித்து நின்றது. தையல் மெஷினைத் தூக்கி வந்து மேஜைக்குப் பக்கத்தில் வைத்தார்கள். கோரியோ அதன் மேல் சாவியை வைத்தான். பெலின் சீட்டைக் கலைத்துப் போட்டாள்.

மெடிங் தன் பதின்மூன்றை எடுத்து விரித்தாள். ஆட்டின் சாதியில் ஐந்து சீட்டு இருந்தது. அதைப் பின்னால் வைத்தாள். இரண்டு எட்டு, இரண்டு மூன்று, கூட ஓர் ஆறு, அது நடுவில். மிச்சம் ஒரு ராஜா, ஒரு ராணி, ஒரு நான்கு. ராஜாவை நடுவில் போட்டால் என்ன என்று ஒரு சபலம். எடுத்தாள், வைத்தாள், மறுபடி எடுத்தாள்.

"சவ ஊர்வலமே கெளம்பிடும் போலிருக்கு" என்று பின்னாலிருந்து ஒருவன் சொன்னான். யாரும் சிரிக்கவில்லை.

ராஜாவை முன்னாலேயே விட்டுவிட்டுக் கையை எடுத்தாள். கோரியோ எப்போதோ வைத்து முடித்திருந்தான்.

பின்வரிசையைத் திறந்தார்கள். அவளுடைய ஆட்டினுக்கு எதிரே மூன்று பத்து, இரண்டு நான்கு. அது பெரியது. தையல் மெஷின் பாதி போய்விட்டது. மெடிங்குக்கு மழைச் சத்தம் கூடக் கேட்கவில்லை.

நடுவரிசை. அவளுடைய இரண்டு ஜோடிக்கு எதிரே கோரியோவிடம் இரண்டு ஜாக்கி மட்டும்தான். கூட்டம் மூச்சு விட்டது.

கோரியோ முன்வரிசையைத் தானே திருப்பினான். இரண்டு ஏஸ், ஒரு ராஜா.

தார்ப்பாய் கிழிகிற மாதிரிச் சிரிப்பு கிளம்பியது.

"கவுந்துச்சு! கோரியோவுக்குக் கவுந்துச்சுடா!"

"முன்னால ஏஸ், நடுவுல ஜாக்கி! அச்சு அசல் அன்செல்மோ! செத்தும் அவன் கையை இவனுக்குக் கொடுத்துட்டுப் போயிட்டான்!"

பெலின் சாவியை எடுத்து மெடிங்கின் கையில் திணித்தாள். மெடிங் சீட்டைத்தான் பார்த்துக்கொண்டிருந்தாள். அந்த இரண்டு ஏஸையும் நடுவில் ஜாக்கிகளோடு சேர்த்திருந்தால் அந்த வரிசையும் அவனுக்குத்தான், ஆட்டமும் அவனுக்குத்தான். இரண்டு நாள் படித்த அவளுக்கே தெரிகிறது.

"இது தப்பா வச்சதில்ல" என்றாள், மேஜைக்கு மட்டும் கேட்கிற மாதிரி.

"கவுந்தா கவுந்ததுதான் மாரே. சட்டம் அது." கோரியோ எழுந்து தொப்பியை எடுத்தான்.

"அப்போ அவரு? அன்னைக்கு அவரும் இதேதானே வச்சாரு?"

கோரியோ தொப்பியைக் கையிலேயே திருப்பிக்கொண்டு நின்றான்.

"ஊரோட சேர்ந்து நானும் சிரிச்சேன். வண்டியை ஓட்டிக்கிட்டு வீட்டுக்குப் போறப்பதான் உறைச்சது. என் வீட்ல அன்னைக்கு ஒரு மணி அரிசி கெடையாது. மறுநாள் போய்க் கேட்டேன், ஏன்டா இப்படி வச்சேன்னு. 'எனக்கு எங்கடா எண்ணத் தெரியும், மெடிங்கைக் கேளு'ன்னுட்டான்."

சாவு வீட்டில் வந்தவருக்கு நன்றி சொல்லக்கூடாது. வாசல்வரை கூடப் போய் வழியனுப்பவும் கூடாது. மெடிங் உட்கார்ந்த இடத்திலேயே உட்கார்ந்திருந்தாள். கோரியோ மழையில் இறங்கி நடந்து போனான்.

பிறகு எழுந்து கூடத்துக்குப் போனாள். சவப்பெட்டிக் கண்ணாடியில் கண்ணீர் விழக்கூடாது என்பார்கள். முன்பென்றால் அதையெல்லாம் யார் பார்ப்பது என்று சண்டைக்கு நின்றிருப்பாள். இப்போது சட்டைக் கையால் முகத்தை அழுத்தித் துடைத்துக்கொண்டுதான் குனிந்தாள். இரண்டு வருஷமாகத் தினமும் காலையில் அந்த முகத்தைப் பார்த்து என்னென்ன சொன்னாள் என்பது ஒன்றுவிடாமல் ஞாபகம் வந்தது. ஒரு நாளாவது அவன் பதில் பேசியதுண்டா? காப்பியைக் குடித்துவிட்டுப் பெட்டி சுமக்கப் போனான்.

"பாவி மனுஷா, என்கிட்டயாவது சொல்லியிருக்கக் கூடாதா?" என்றாள்.

சொல்லியிருந்தால் மறுநாளே சந்தைக்கெல்லாம் கேட்கிற மாதிரி அவள் கத்தியிருப்பாள், கோரியோவும் ரோஷத்தில் அன்று சாயங்காலமே வண்டியைக் கொண்டுவந்து விட்டிருப்பான். அது அன்செல்மோவுக்குத் தெரியும்.